பெரட்டில் சொல்லும் பதில்

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

உன் மகள் சுமதி நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுபோன அதே நோய் அவளுக்கும் வந்துவிட்டது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தசைகளைச் சோர வைக்கிறது என்கிறார்கள். காலையில் மடுல்சீமைத் தேயிலை மலையில் எல்லோருக்கும் சமமாகக் கொழுந்து பறிப்பாள். மதியத்துக்குப் பிறகு கை எழாது, இமை விழுந்துவிடும். "மத்தியானமானா நடிக்க ஆரம்பிச்சிருவா" என்றார்கள். உன்னையும் அப்படித்தானே சொன்னார்கள்?

கொழும்பில் ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிற டொக்டருக்கே தெரியாது. "தண்ணி ஊசி குத்திக்கவா மாமா பதுளையில ரயில் ஏறணும்?" என்று சிரித்தாள். பழைய மாத்திரைகளுக்கு நோய் கேட்கவில்லை என்பதால் சேர்ந்தாள்.

நேற்று ரயிலில் அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "விழுங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சேர். நல்லா இருக்குங்க."

வழியெல்லாம் சோர்ந்து தொங்கிய கைகளை, நீட்டச் சொன்னபோது பல்லைக் கடித்துத் தாழாமல் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டி பொய் சொன்ன?"

"பெரட்டுல நின்னு முடியலன்னு சொன்னா என்ன நடக்கும் மாமா? அரைப் பேரு போட்டு, அரைநாள் சம்பளத்தோட அனுப்பிருவாங்க. இங்கயும் பேரை வெட்டிட்டா?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட பதில் அது. நீயும் கடைசியாகப் போனில் "நல்லாத்தான்டா இருக்கேன்" என்றாய். மறுநாள் உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன லொறி அந்த உடைந்த பாதையில் இறங்கி முடிப்பதற்குள் உன் மூச்சு நின்றுவிட்டது.

அவளுக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்புத்தான். அது போய்விடுமோ என்று எனக்கும் பயம். ஆனாலும் திரும்பி உள்ளே போய், டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"பேப்பருக்கு எழுதுற புத்தி மாமா உங்களுக்கு. வாய் சும்மா இருக்காது." அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

அடுத்த ஊசியை நிறுத்தி, மூச்சைக் கவனிக்கும் வார்டில் சேர்த்துவிட்டார்கள். பரிசோதனையில் வைத்துக்கொள்வார்களா? இதுவரை அவளுக்குப் போனது மருந்தா, தண்ணீரா? யாரும் சொல்லவில்லை. அவளுடைய "நல்லா இருக்கு" அப்படியே பரிசோதனைக் கணக்கில் பதிவாகியிருந்தால், நாளைக்கு பூனாகலைத் தோட்டத்தில் இன்னொரு பெண் எதை நம்பி ஊசிக்குக் கை நீட்டுவாள்?

இன்று காலை தாதி வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். சுமதி என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"முடியலங்க."

அக்கா, பரிசோதனையில் அவளுக்கு இடம் கிடைத்தாலும் போனாலும், அந்தச் சொல்லை அவள் பயப்படாமல் சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் என்னோடு பேசாவிட்டாலும்.

சுமதியின் மாமன்,
உன் தம்பி