விரல் நுனித் தோல்

அன்புள்ள அம்மாவுக்கு, திருமேனி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஊருக்கு வரும் பஷீர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. முதலாளி மோகனராஜ், மகள் கல்யாணத்துக்குக் கார் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றார். பட்டறை வேலை முடிந்ததும் இங்கே ஜெலுத்தோங் என்கிற இடத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய், ஐந்து நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். கையுறை கேட்டேன். "வெறுங்கையில தேய்ச்சாதான்டா மேடு பள்ளம் தெரியும்" என்றார். கார் நன்றாகவே பளபளக்கிறது.

மறுநாள் வேலை பெர்மிட் புதுப்பிக்கப் போனேன். விரல் நுனித் தோல் தேய்ந்திருந்ததால் மெஷினில் ரேகை விழவில்லை. தோல் வளர்ந்ததும் வா என்று மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். அதற்குள் வடிவு கல்யாணம் முடிந்துவிடும். பெர்மிட் இல்லாமல் கிளம்பினால் இங்கே திரும்ப முடியாது.

முதலாளியிடம் சொன்னேன். "உன் கை தேஞ்சதுக்கு நான் என்னடா பண்றது? அடுத்த வருஷம் போலாம் லா" என்றார்.

அடுத்த வருஷம் யாருக்கம்மா கல்யாணம்? எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி.

அண்ணன் முறைக்குப் பொரி போட என் இடத்தில் சித்தப்பா மகன் இளவரசை நிற்கச் சொல்லுங்கள். எனக்கு எடுத்த வேட்டி சட்டையையும் அவனுக்கே கொடுத்துவிடுங்கள். வடிவிடம் லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

அண்ணன் பையைக் கட்டிவிட்டார், நிறுத்துகிறேன். தாலி கட்டுவது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள் அம்மா. இங்கே இரண்டரை மணி நேரம் முந்தி. நான் கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

திருமேனி