கடனில்லாமல் நிறைந்த கிடங்கு

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கக் கொடி, குனிந்து குனிந்து நடமாட்டம்.

மிளகுக்காரனின் ஆண்டறிக்கை வந்துவிட்டது. (மிளகு வாங்கி விற்கும் ஒரு கம்பெனிக்கு நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று பயம். வங்கியில் கடன் பிரிவிலேயே ரிடயரான எனக்கு இப்படி ஒரு புத்தி.)

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரின் டெபாசிட் முதிர்கிறது. பிராட்வேயில் இவர் நடத்திய குடைக்கடையை விற்று வந்த பணம். முட்டி தேய நின்று சேர்த்தது. எங்கே போடுவது என்று கேட்டால், “அது நீயாச்சு, சரசா. நேக்குக் குடை தெரியும், ஷேர் தெரியாது.” நான் தொலைத்துவிட்டு வந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

பேலன்ஸ் ஷீட், முதல் பார்வை:
– பங்கு மூலதனம்: பத்து வருடமாக அதே எண். புதுப் பங்கு விற்று யாரிடமும் கையேந்தவில்லை.
– சேர்த்து வைத்த லாபம்: வருடா வருடம் ஏற்றம். குதிக்காமல், சறுக்காமல்.
– கடன்: வெறும் கோடு. அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
– கிடங்கு நிலம்: வாங்கிய காலத்து விலையிலேயே கிடக்கிறது. பஜார் ரோட்டில் இன்று அந்தப் பணத்துக்கு ஒரு பீரோ வைக்க இடம் கிடைக்காது.

மொத்தச் சொத்து நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் வளர்ச்சியைப் பார்த்து மயங்கக் கூடாது. கடனில் ஊதியதா, சொந்த லாபத்தில் தேறியதா, அதைத்தான் பார்க்க வேண்டும். இது தேறியது. சபாஷ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் அடுக்களையிலிருந்து, கடையில் பழகிய மலையாளத்தில், “எந்தா?” ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

அவசரப்பட்டு சபாஷ் போட்டேன்.

சரக்கிருப்பு, சென்ற வருடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விற்பனை அதே இடத்தில். நேற்று இதை எப்படித் தாண்டிப் போனேன்? கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் பலன்.

காய்கறிக்குப் போகிற சாக்கில் பஜார் ரோடு. மிளகுக்காரனின் கிடங்கு வாசலில் லாரி, இறக்குகிறார்கள். உள்ளே உத்தரம் வரைக்கும் சாக்கு. எதிர்ச் சாயாக்கடையில் ஒதுங்கி நின்றேன். மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் கடைக்காரரிடம்: “வரவே உள்ளூ சேட்டா. போக்கில்லா.” சரக்கு வருகிறதே தவிர, ஒரு லோடும் வெளியே போகவில்லையாம்.

சாயா பாதியில். பீன்ஸ் வாங்காமலே திரும்பினேன்.

ஜூலை 16, புதன்

பங்கு விலை நேற்றும் இன்றும் இறக்கம். சரக்கு தேங்கிவிட்டது என்று எல்லாரும் விற்கிறார்கள். டி.வி.யில் சிவப்பு அம்பு. இவர் சத்தத்தைக் குறைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு டி.வி.யையே அணைத்தார்.

இந்த ஊரில் நிறைந்த கிடங்குக்குத் தனி மரியாதை. கதவை அகலத் திறந்து போட்டிருப்பார்கள், போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்று. வங்கியிலிருந்து சோதனைக்குப் போய்ச் சாக்கில் முழங்கை வரை கைவிட்டுப் பார்ப்பேன். உள்ளே சூடாக இருந்தால் ஈரச் சரக்கு. எத்தனை சாக்கு, எத்தனை சூடு! நான் பார்த்த நிறைந்த கிடங்கெல்லாம் எங்கள் வங்கிக் கடனில் நிறைந்தவை. அதனால் சாக்கு உத்தரத்தைத் தொட்டால் எனக்கு உடனே ஜப்தி நோட்டீஸ்தான் ஞாபகம் வருகிறது.

மிளகுக்காரனை விட்டுவிடலாமா. டெபாசிட்டையே புதுப்பித்தால் நிம்மதி. ஆனால் மனசு ஒப்பவில்லை.

இவர் ராத்திரிக்கு உப்புமா போதும் என்றார். நல்ல வேளை.

ஜூலை 17, வியாழன்

மழை விடவில்லை. பால் வாங்கக் கிளம்பினால் குடைக்கம்பி ஒடிந்திருந்தது. வேறு எடுக்கப் பரணைத் திறந்தேன். கடையை விற்றபோது மிஞ்சிய குடைகள், இன்னும் பாலித்தீன் உறை பிரிக்காமல்.

பிரித்த கையோடு அங்கேயே நின்றுவிட்டேன். கும்ப மாசத்து வெயிலில், அதாவது நம் மாசியில், இவர் கடை எப்படி இருக்கும்! கல்லாவுக்குப் போக வழியிருக்காது, அத்தனை குடை. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். யாரும் வாங்காதபோதுதான் விலை மலிவு, ரொக்கம் கொடுத்து எடுத்துப் போட்டுவிடுவார். இடவப்பாதி மழை பிடித்ததும் சிரித்தவர்களே இவரிடம் குடை கேட்டு வருவார்கள்.

பால் பிறகு. மிளகுக்காரனின் பழைய அறிக்கைகளையும் எடுத்துக் கட்டிலில் விரித்தேன்.

கையிருப்புப் பணம் எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அவ்வளவுக்குத்தான் சரக்கு ஏறியிருக்கிறது. சரக்கு கொடுத்தவர்களுக்கு வைத்த பாக்கி? கூடவில்லை, குறைந்திருக்கிறது! மலையிலிருந்து மூட்டை வந்ததும் காசு கொடுத்திருக்கிறான். பணம் மிளகாகியிருக்கிறது. கடன் மிளகாகவில்லை.

முன்னொரு தடவை, இப்போது போலவே மிளகு விலை விழுந்த வருடமும் இதே கூத்து. சரக்கு ஏற்றம், விற்பனை மந்தம். அடுத்த வருடம் சரக்கு இறங்கி லாபம் ஏறியிருக்கிறது. நன்றாக உலர்ந்த மிளகு கெட்டுப்போகாது, காத்திருக்கும். வட்டி ஓடாதவனும் காத்திருக்கலாம். சுமட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை, போக்கு இல்லைதான். அவன் போகவிடவில்லை. நான்தான் அதை என் வங்கிக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மிளகு இன்னும் விழலாம். பங்கும் விழலாம். ஆகவே பாதிப் பணம் மட்டும், மீதி டெபாசிட்டிலேயே. ஆனாலும் என்ன நிதானம், என்ன அழகான பேலன்ஸ் ஷீட்! இவர் கடைக்கு ஒன்று போட்டிருந்தால் இதே மாதிரிதான் இருந்திருக்கும். நாலு நாளாக யாரோ முகம் தெரியாத மிளகுக்காரனை மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் பால் தீர்ந்துவிட்டதாம். பால் விடாத கட்டஞ்சாயாதான்.

ஜூலை 18, வெள்ளி

மழை இல்லை. துணியெல்லாம் மொட்டைமாடியில்.

டெபாசிட் பணம் இவர் கணக்குக்கு வந்துவிட்டது. அதில் பாதியைப் பங்குக் கணக்குக்கு மாற்ற நான் லாப்டாப்பில். ஓடிபி வருவது இவர் போனுக்கு. டி.வி.யில் அதே சிவப்பு அம்பு.

“இன்னும் விழறதே, சரசா.”

“விழறதுனாலதான் இப்போ வாங்கறேன். கும்பத்துக் குடையாக்கும்னு வெச்சுக்கோங்கோ.”

போன் கிணுகிணுத்தது. கண்ணாடியைத் தேடினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். எண்ணைப் படிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

என் கை மௌஸிலேயே நின்றுவிட்டது. பணம் போடுவதைப் பற்றி இத்தனை நாளில் இவர் கேட்கிற முதல் கேள்வி.

“கேளுங்கோ.”

“சரக்குக் கொடுக்கறவாளுக்கு அவா காசை நிறுத்தி வெக்கறாளா?”

“அதெல்லாம் இல்லே. மூட்டை வந்தா அப்பவே கொடுத்துடறா.”

“கடன்?”

“காலணா கிடையாது.”

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினேன்.

இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே எண்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், ஒவ்வொன்றாக, உரக்க, கடையில் குடை விலை சொல்லும் அதே குரலில்.