முன் போர்ஷனுக்கு வந்த ஆள்

ஜனவரி 19, ஞாயிறு

வீடு பார்த்தாச்சு! எங்கள் கல்லலில் இல்லை, டவுனில். யுனிவர்சிட்டிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ரெண்டாவது தெரு. முன்னால் ஒரு போர்ஷன், பின்னால் ஒரு போர்ஷன், வாசல் தனித்தனி. கிணற்றில் வாளியை விட்டு இறைத்து நாத்தனார் முத்தழகு ஒரு வாய் குடித்தே பார்த்துவிட்டாள். "உப்பு இல்ல மதினி!"

புரோக்கர் முகைதீன் பிச்சை பாய்க்குச் சிரிப்பு. "வீடு வாங்க வாரவுக செவத்தத் தட்டிப் பாப்பாக. நீங்க தண்ணியக் குடிக்கிறீகளே தாயி."

குடியிருக்க அல்ல. வாடகைக்கு விட. அவளுடைய பார்லர் சேமிப்பு, என் லேப் சம்பளத்தை வைத்துக் கடன், மிச்சத்துக்கு என் நகை. நாத்தனாரும் நானும் சரிபாதி. கேட்கிறவர்கள் எல்லாரும் நெற்றியைச் சுருக்குகிறார்கள்.

வீட்டில் இவர்தான் முதலில் சுருக்கியது. "வயல்ல போட்டா நெல்லு வெளயும். வீட்ல என்ன வெளயும்?"

"வாடக வெளயும்ணே" என்றாள் முத்தழகு. அண்ணனிடம் அவளால்தான் இப்படிப் பேச முடியும்.

பிப்ரவரி 10, திங்கள்

பதிவு முடிந்தது. கட்டைவிரலை வைத்தேன். எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்த கை இது, இன்று வீட்டுப் பத்திரத்தில் பதிந்தது. பத்திரத்தில் என் பேர், அதற்குக் கீழே அவள் பேர். வெளியே வந்து ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடித்தோம். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை. கடைசியில் பூட்டுக்கடைக்குப் போய் இன்னொன்று போட்டுக்கொண்டோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெயின்ட். அவளுக்கு ரோஸ் வேண்டுமாம், எனக்கு வெள்ளை. முன்னால் ரோஸ், பின்னால் வெள்ளை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டுமே!

மார்ச் 2, ஞாயிறு

'வீடு வாடகைக்கு' போர்டு மாட்டியதிலிருந்து போன் ஓயவில்லை. ஒருவர் எடுத்த எடுப்பில் "நீங்க என்ன ஆளுக?" என்றார். "ஓனருங்க" என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 8, சனி

பின் போர்ஷன் போயிற்று! நர்ஸ் பிள்ளைகள் மூன்று பேர். ரேணுகா என்கிற பெண்தான் பேசினாள். "நைட் டூட்டி முடிச்சு விடிஞ்சு வருவோம்க்கா. அதுனாலயே எங்குட்டும் வீடு கெடைக்கல." எனக்கும் ஷிப்ட் பார்த்த காலம் உண்டு. வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை இருமினார். இருமட்டும்.

கையில் அட்வான்ஸ். நான் வீட்டுக்கார அம்மா! எழுதிப் பார்க்கவே கூச்சமாக, சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

முன் போர்ஷனுக்குப் பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். வீடு பிடித்துவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து வாடகை கொடுக்கத் தயார். தவணைக்கு இனிக் கவலை இல்லை.

சாயங்காலம் முத்தழகு வந்தாள். முகமே சரியில்லை. பார்லர் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம், அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"முன்னாடி நம்ம போர்ஷனு சும்மாதான மதினி கெடக்கு. அங்க போட்டுக்கிறேன்."

"போட்டுக்க. வாடக எம்புட்டுத் தருவ?"

கேட்டிருக்கக் கூடாதோ? ஆனால் கேட்டுவிட்டேன்.

"என் வீட்டுக்கு நானே வாடகையா?"

"பாதி என் வீடு முத்தழகு. தவணைக்கு ரெண்டு வாடகையும் வேணும். ஒண்ணு நின்னாக்கூட என் சம்பளம் அதுக்கே போயிரும்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பில் வைத்த காபி அப்படியே இருந்தது.

மார்ச் 31, திங்கள்

இவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இன்று சோறு போடும்போது, "தங்கச்சிகிட்ட வாடக வாங்கித் திங்கணுமா? ஊரு என்ன சொல்லும்?"

ஊரா தவணை கட்டப் போகுது? — வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். எனக்கு மட்டும் அவ வேண்டாதவளா? அவ இல்லாட்டி நான் அந்த வீட்டு வாசப்படி ஏறியிருப்பேனா?

முன் போர்ஷன் கேட்ட பேங்க்காரரைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார், முகம் சுளித்து.

ஏப்ரல் 4, வெள்ளி

முத்தழகு போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

லேபில் வரிசையில் நின்றாள்! கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுகர் டெஸ்டாம். அவளுக்கு ஏது சுகர்? ரத்தம் எடுக்கும்போது வேறுபக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"மூணு கடை பாத்துட்டேன் மதினி. ஒருத்தன், புருஷன வரச்சொல்லு, அவர்கிட்டதான் பேசுவேன்னான். என் தொழிலுக்கு என் புருஷன் எதுக்கு? எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"பஸ்ஸுல வரையில யோசிச்சேன். ஓசியில உக்காந்தா நான் அந்த வீட்டுக்கு ஓனரா, ஒட்டிக்கிட்டவளா? அந்த பேங்க்காரரு என்ன தாரேன்னாரோ அதையே தாரேன். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பின்னால் நின்றவர் "ஏம்மா, ஊசி போட்டது அவுகளுக்கா, உங்களுக்கா?" என்றார்.

"ஆனா மதினி, வாஷ்பேசின் ரெண்டு போட்டுத் தரணும். வாசல்ல லைட்டு வேணும்" என்றாள் எழுந்திருக்கும்போது.

குடிவரும் முன்னே ஆரம்பித்துவிட்டாள்!

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. பேங்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, முகைதீன் பிச்சை பாய் வழியாக அவருக்கு வேறு வீடு காட்டிவிட்டோம். பால் காய்ச்சினோம். வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் இடத்தில் முத்தழகு கையெழுத்துப் போட்டாள். வீட்டு உரிமையாளர்கள் இடத்தில் நானும், மறுபடி அவளும். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

இவர் மூலையில் நின்றார். "நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைய முட்டாளாக்குறீக" என்றார். கோபமாகத் தெரியவில்லை. பார்லர் நாற்காலிகளை இறக்கினது அவர்தான்.

மே 3, சனி

நர்ஸ் பிள்ளைகள்தான் முதல் கஸ்டமர். ஹாஸ்டல் பெண்களும் வருகிறார்கள். பழைய இடத்தைவிட இங்கே கூட்டமாம். ரோஸ் சுவர் தூரத்திலிருந்தே தெரிகிறதாம். என் வெள்ளையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஜூன் 5, வியாழன்

காலையில் வாடகை வந்து விழுந்தது. பின்னாடியே போன்.

"மதினி, வாடக போட்டுட்டேன். குழா ஒழுகுது. ஓனரு வந்து பாக்கணும்."

"நீயும் ஓனருதானடி."

"நான் குடியிருக்கிற ஆளு. ஓனரு கல்லலுல இருக்காக."

இவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் கேட்கவே இல்லை. பின்னால் ஏறிக்கொண்டேன். ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டும்போது பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுப் பக்கம் வண்டி மெதுவாயிற்று. வாசலில் 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகை. தலையைச் சாய்த்து மாடி வரைக்கும் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். "கெணறு இருக்கானு பாத்தேன்."