தொடையில் துடைத்த கை

மார்ச் 3, செவ்வாய்

மகனுக்கு,

வழக்கம்போல ‘அன்புள்ள’ என்று அந்தம்மா தொடங்கிவிட்டார். அடிக்கச் சொன்னேன். அடித்திருப்பது உனக்குத் தெரியும், தெரியட்டும். எழுதுகிறவர் நம் இஸ்திரிக் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரம்மா. நான் பேசப் பேச அவர் நல்ல தமிழாக்கி எழுதுகிறார். திட்டுவதை மட்டும் திருத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இருக்கிறேன். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

சனிக்கிழமையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் நடுவில் புகுந்து “அப்பா, நான் சொல்றத முதல்ல கேளுங்க” என்பாய். காகிதத்தில் நடுவில் புக முடியாது. அதுவுமில்லாமல், போனில் நான் வாயைத் திறந்ததற்குக் கிடைத்த மரியாதை போதும்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெட்டுகிற ரேடியோ ஓடிவந்தான். வாய் மூடாதவன் என்பதால் அந்தப் பெயர், உனக்கு ஞாபகமிருக்கும். “பெரியவரே, பெட்டிய எறக்கி வைங்க. உங்க பையன் செஞ்ச விளையாட்டு வந்துருச்சு. நம்ம கடை டிவியில போட்டிருக்கேன்” என்றான். நான் தேய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். சுழல் நாற்காலியில் உட்கார வைத்தான். பாதித் தெரு அங்கேதான் நின்றது. பாதிச் சவரத்தோடு ஒருத்தன் கழுத்தில் துண்டோடு பார்த்துக்கொண்டிருந்தான். “இவரு பையன் செஞ்சதுய்யா” என்று ரேடியோ வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன்.

திரையில் ஒரு தெரு. தொப்பி போட்ட ஒருத்தன் ஒரு கடைக்குள்ளிருந்து வெளியே ஓடி வருகிறான். கையில் கறுப்புத் துப்பாக்கி. அதன் ஓரத்தில் பெயிண்ட் தேய்ந்து வெள்ளிக் கம்பி மாதிரி மின்னுவதுகூடத் தெரிகிறது. அவனை ஆட்டிவைப்பது ரேடியோவின் விரல். பொத்தானை அழுத்தினான், சுடவில்லை. சிக்கிக்கொண்டது. தொப்பிக்காரன் துப்பாக்கியின் அடியை உள்ளங்கையால் தட்டினான். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தான். சுடாத தோட்டா ஒன்று துள்ளிக் கீழே விழுந்தது. அப்புறம், சுடுவதற்கு முன்னால், துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல், கை கழுவிவிட்டுத் துடைக்கிறவன் மாதிரி. திரும்ப மாற்றிப் பிடித்துச் சுட்டான்.

கடையில் கை தட்டினார்கள்.

அந்தத் துடைப்பை இந்த உலகத்தில் பார்த்தவன் நான் ஒருத்தன். நகைக்கடையில் கொள்ளையடித்துவிட்டு ஓடிவந்தவன் நம் கடைக்கு எதிரே நின்று அப்படித் துடைத்தபோது, உன் அம்மா தேய்த்த துணிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் துப்பாக்கியில் சிக்கிய தோட்டா தரையில் விழுந்த சத்தம் கேட்டு, என்னவோ என்று திரும்பினாள். அவ்வளவுதான். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

போலீஸ் என்னிடம் உயரம் கேட்டார்கள், தொப்பியின் நிறம் கேட்டார்கள். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் நீ போனில், “அம்மாவுக்கு என்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்கப்பா, எனக்குத் தெரியணும்” என்றாய். உன் ஒருத்தனிடம் சொன்னேன்.

அவனை இத்தனை வருடமாகப் போலீஸால் பிடிக்க முடியவில்லை. நீ பிடித்துவிட்டாய். பிடித்து, ஊரில் இருக்கிற விரலுக்கெல்லாம் வேலைக்காரனாக அனுப்பிவிட்டாய்.

அப்பா
(கைநாட்டு)


மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கோபப்படுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். மருந்துக்கடை அக்கா, இதை அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. இந்த விளையாட்டில் வருகிற துப்பாக்கிகள் எல்லாம் நிஜத்தில் இருப்பவை போலவே இருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் பிடிவாதம். சுடும் பயிற்சி மைதானத்துக்குப் போய் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தோம். மைக் வைத்துச் சத்தம் எடுத்தோம். காலித் தோட்டா சிமெண்டில் விழுகிற சத்தம் வேறு, தார் ரோட்டில் விழுகிற சத்தம் வேறு. மற்ற விளையாட்டுகளில் துப்பாக்கி சிக்கவே சிக்காது, தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரி சுட்டுக்கொண்டே இருக்கும். எங்களுடையதில் சிக்கும். சிக்கினால் மனிதன் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றம் என் பொறுப்பு.

ஒரு கை மட்டும்தான் அப்பா அது. முகம் அவனுடையது இல்லை, தெரு நம் தெரு இல்லை. அவனுக்கு எதிரே அம்மாவைப் போல யாரையும் நான் நிறுத்தவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. துப்பாக்கி என்பது பளபளப்பான சாமான் இல்லை, அதைப் பிடிக்கிறவனுக்குக் கை வேர்க்கும் என்று பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் வைத்தேன். விளையாட்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அந்த ஒரு அசைவைத்தான் குறிப்பிட்டு எழுதினார்கள்.

உங்களைப் புண்படுத்த நினைக்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே தேய்க்காதீர்கள், உயரமான முக்காலி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். போனை எடுங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகன்


ஏப்ரல் 7, செவ்வாய்

மகனுக்கு,

உன் கடிதத்தை அந்தம்மா இரண்டு தடவை படித்தார். முதல் தடவை படித்து முடித்ததும், “நல்லாத்தானே எழுதியிருக்கான்?” என்றார். “இன்னொருக்கா படிங்கம்மா, வழவழன்னு இருக்கிறது தெரியும்” என்றேன். இரண்டாவது தடவை படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

எதிரே யாரையும் நிறுத்தவில்லை என்கிறாய். எதிரே ஆளில்லாமல் எதற்கடா துப்பாக்கி? ரேடியோ அன்றைக்குத் தெருவில் போன ஆள், பால்காரன், நாய் என்று எல்லாரையும் சுட்டான். கண்ணை மூடிக்கொண்டு சோறு போட்டால் இலை காலியாக இருந்துவிடுமா?

வேர்க்கிற கையைப் பார்த்து மக்கள் தெரிந்துகொள்வார்களாம். என்ன தெரிந்துகொண்டார்கள் என்று சொல்கிறேன் கேள். மறுநாள் ரேடியோ கடைக்கே வந்து, “அந்த தொடையில தொடைக்கிறான் பாருங்க, அதுதான் பெரியவரே அந்த விளையாட்டுக்கே உசுரு” என்றான். உயிராம். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது. நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். அவன் ஏதோ பெட்டியிலிருக்கிற கரி நெருப்பைத் தட்டப்போகிறேன் என்று நினைத்து நகர்ந்தான். கீழே விரித்திருந்த சட்டை மேலேயே வைத்துவிட்டேன். அதன் முதுகு கருகிப்போனது. பள்ளிக்கூட வாத்தியாருடைய சட்டை. இத்தனை வருடத்தில் நான் கருக்கிய முதல் சட்டை அதுதான், அதையும் உன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

நான் படிக்காதவன். யார் வீட்டுச் சட்டை, யார் வீட்டுப் பாவாடை என்று துணியில் குறி போட்டதில்லை, எல்லாம் தலைக்குள்தான். அந்த மாதிரிதான் உன் அம்மாவின் அந்தச் சாயங்காலமும் தலைக்குள் மடித்து வைத்திருந்தேன். பிரித்தால் மடிப்புப் போய்விடும் என்று பிரிக்காமலே இருந்தேன். உனக்காகப் பிரித்தேன். பிரித்ததிலிருந்து தினமும் பிரிந்தே கிடக்கிறது, தெரியுமா?

முக்காலி பற்றியெல்லாம் பேசாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ போன் பண்ணி அம்மாவைப் பற்றிக் கேட்டாயே, மகனாகக் கேட்டாயா, கம்பெனிக்காகக் கேட்டாயா? மைதானம், மைக், தார் ரோடு எல்லாம் வேண்டாம். இதற்குப் பதில் எழுது. சுற்றி வளைத்து எழுதினால் அந்தம்மாவிடம் கிழிக்கச் சொல்லிவிடுவேன்.

அப்பா
(கைநாட்டு)


ஏப்ரல் 26

அப்பாவுக்கு,

கம்பெனிக்காகக் கேட்டேன்.

இதை எழுதிவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. இதோடு அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் மீதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிக்கிய துப்பாக்கியை எடுத்துச் சரிசெய்கிற காட்சியை நான் செய்து காட்டியபோது, என் மேலதிகாரி, “பொம்மை மாதிரி இருக்கு. நிஜமா ஒருத்தன் பதறினா என்ன பண்ணுவான்?” என்று கேட்டார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. பார்த்த ஆள் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்று தோன்றியது. மன்னியுங்கள், அந்த வார்த்தையிலேயேதான் தோன்றியது.

நீங்கள் போனை எடுத்ததும் “சாப்பிட்டியா?” என்று கேட்டீர்கள். அதற்கு முன்பே நான் நம் பேச்சைப் போனில் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தேன். அம்மா திரும்பிய இடம் வந்ததும், “இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று போனீர்கள். நான் அப்போது அம்மாவை நினைக்கவில்லை. அவன் கை என்ன செய்தது என்று சொல்லாமல் விட்டுவிடுவீர்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்று. விளையாட்டில் வருகிறவர்களின் உடம்பு அசைவை நாங்கள் கற்பனையில் வரைவதில்லை. கறுப்பு உடுப்பு போட்டு, மூட்டுக்கு மூட்டு சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டிக்கொண்டு ஒரு ஆள் செய்து காட்ட வேண்டும். சுற்றியிருக்கும் கேமராக்கள் அதை எடுத்துக்கொள்ளும். அந்தத் துடைப்பை நடிக்க வந்தவருக்குச் சரியாக வரவில்லை. “நீயே பண்ணு” என்றார்கள். பண்ணினேன். “இன்னும் மெதுவா, இன்னொரு தடவை” என்றார்கள். பண்ணிக்கொண்டே இருந்தேன். நீங்கள் ரேடியோ கடையில் பார்த்தது என் கை அப்பா. அன்று வீட்டுக்குப் போய்த்தான் அம்மாவை நினைத்தேன். அதற்குப் பிறகு சாப்பிட்டுக் கை கழுவினால் ஈரத்தோடு அப்படியே நிற்கிறேன், எதிலும் துடைப்பதில்லை.

அதை எடுத்துவிட முடியும். விளையாட்டுக்கு அடுத்து அனுப்புகிற திருத்தத்தில் மாற்றலாம். ஆனால் எல்லாரும் கொண்டாடுகிற ஒன்றை ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார்கள். அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். நீங்கள் சொல்லச் சொன்னால் போய்ச் சொல்கிறேன். உங்கள் குரல் பதிவு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

மகன்


மே 15, வெள்ளி

மகனுக்கு,

நேராகப் பதில் சொல்லிவிட்டாய். கேட்டவன் நான்தான், வாங்கிக்கொண்டேன். அந்தம்மாவுக்குப் படிக்க முடியவில்லை. நடுவில், கடையில் ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனார். ஆள் யாரும் வரவில்லை.

அது உன் கை என்று நீ எழுதித்தான் தெரிய வேண்டுமா? அன்றைக்கே தெரிந்தது. தொப்பிக்காரன் நின்ற நிற்பில் இடது தோள் இறங்கியிருந்தது. சின்ன வயதில் துணி மூட்டையை ஒரே தோளில் தூக்கித் தூக்கி உனக்கு இறங்கிய தோள். மனசுதான் ஒப்பவில்லை, வேறு எவனோ என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் அம்மாவைச் சுட்டவனை மறுபடி பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சொல்.

ஈரக் கையோடு நிற்கிறாயாம். நில். நன்றாக நில்.

அதை எடுத்துவிடு. ஆனால் காரணம் சொல்லாதே. உன் அம்மாவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை போகக்கூடாது. போனால் உன் மேலதிகாரி, ‘அடடா, இது இன்னும் நிஜம்’ என்று அதையும் டப்பாவின் மேல் அச்சடித்து விற்பான். விளையாட்டு மெதுவாகிறது என்று சொல், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று சொல். பொய் சொல்ல உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தினால் கத்தட்டும், வேலை போனால் போகட்டும். ரேடியோ, “என்ன பெரியவரே, உசுரே போயிருச்சு” என்று வந்து புலம்புவான். புலம்பட்டும், அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பதிவையும் அழி. அழித்துவிட்டேன் என்று எழுதாதே, எழுத்தில் நம்ப மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நீ கேட்டாய் என்று அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? எல்லாவற்றையும் சொல்லவில்லை. துணியைக் கட்டுகிறபோது அவள் உன்னைப் பற்றி என்னிடம் ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதேதான் திரும்பினாள். அதைப் போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ வரும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று தனியாக எடுத்து வைத்தேன். நல்லவேளை வைத்தேன்.

இப்போது அந்தம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னாங்க, சொல்லுங்க, எழுதிடறேன்” என்கிறார். “எழுதற விஷயம் இல்லம்மா” என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. உன் முகமும் இந்நேரம் தொங்கியிருக்கும்.

வராதே என்று சொல்லவில்லை. வந்தால் போனை ரேடியோவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குள் வா. மேசைக்கு அந்தப் பக்கம் நில். சொல்வேனா மாட்டேனா என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. சொன்னால் ஒரே தடவைதான். என்னை மாதிரி நீயும் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காதில் சரியாக விழவில்லை, பாதி மறந்துவிட்டது என்றால் அது உன் பாடு. திரும்பச் சொல்ல வைப்பதற்கு என்னிடம் பொத்தான் கிடையாது.

அப்பா
(கைநாட்டு)