வேலுத்தாயின் பத்தியம்

1959 ஜனவரி 11

காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்த ஆள் கணக்கு எடுத்துவிட்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பெண்டாட்டி வேலுத்தாய்க்கு வந்திருப்பது சயரோகம்தானாம். என் பயமும் அதுதான். ஆனால் டாக்டர் யக்ஞநாராயணன் அடுத்துச் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. “சானடோரியம் வேண்டாம் ஓய். ஆத்திலேயே வெச்சு மருந்து குடும்.” மதராஸில் இப்படிச் செய்து பார்க்கிறார்களாம். வீட்டில் இருப்பவர்களும் தேறுகிறார்களாம்.

தேறுகிறார்களாம்! அவருக்கென்ன, பெண்டாட்டி பிள்ளைகள் கல்பாத்தியில் பத்திரமாக இருக்கிறார்கள். என் வீடு ஓர் அறையும் அடுப்படியும். சோலைக்கு இரண்டு வயது, எந்நேரமும் அம்மா மடி.

ஜனவரி 13

அனுப்பினால் பிள்ளைக்குத் தொற்றாது. ஆனால் ஒரு வருஷம் அவனை யார் பார்ப்பது? போனவள் திரும்பாவிட்டால்? வைத்துக்கொண்டால் — பிள்ளைக்கும் வந்துவிட்டால்?

“நான் போயிர்றேங்க. புள்ள நல்லாருந்தாப் போதும்” என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எங்கே அனுப்ப?

டாக்டரிடம் மறுபடி போனேன். கோபிக்கவில்லை. “இருமறச்சே வாயைப் பொத்தணும். பாய் தனி. மருந்து உள்ளே போகப் போகத் தொத்தற பயம் கொறையும். நன்னா சாப்பிடணும். எடை ஏறலேன்னா நானே அனுப்பிடறேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். முருகா, தப்பாகிவிடக் கூடாது.

பிப்ரவரி 2

மாத்திரை குமட்டுகிறது. ஆனாலும் விழுங்குகிறாள். சோலை கிட்டே வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு விலகுகிறாள். பக்கத்து லயத்து வீட்டுச் சின்னத்தாய் பகலில் சோலையை வைத்துக்கொள்கிறாள், சயம் என்று தெரிந்தும். என்ன கைம்மாறு செய்வேன் அவளுக்கு?

மார்ச் 15

எடை இறங்கியிருக்கிறது. அடுத்த மாசமும் இப்படியென்றால் அனுப்பவேண்டியதுதான்.

மார்ச் 17

மத்தியானம் திடீரென்று வீட்டுக்குப் போனேன். பார்த்தால், நான் வாங்கிக் கொடுக்கும் முட்டையையும் பாலையும் சின்னத்தாய் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இவள் ரசஞ்சோறு தின்கிறாள்! தினமும் இப்படித்தானாம்.

“இம்புட்டுக் கடுமையான மருந்துக்குப் பத்தியம் இருக்க வேணாமா? மருந்து முறிஞ்சுபோச்சுன்னா?”

அடிப்பாவி! கத்தினேன். கத்திவிட்டு நானே அழுதேன்.

மார்ச் 18

டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “பத்தியம் இருக்கேளாம்மா? பேஷ். ஆனா மாத்திப் பிடிச்சுட்டேள். இந்த மருந்துக்குப் பத்தியம் முட்டையும் பாலும். ஒரு வேளை தப்பினாலும் முறிஞ்சிடும்” என்றார்.

முட்டையைக் கையாலும் தொடாதவர்! வேலுத்தாய் நடுங்கிப்போய் அப்போதே முட்டையை அவிக்கப் போட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீர் நூறு வயசு இருக்கணும் டாக்டரே.

ஏப்ரல் 19

எடை ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான். ஏறியிருக்கிறது.

ஜூலை 26

மழை விடவில்லை. சளியில் கிருமி இல்லையாம். பிள்ளையைத் தூக்கலாம் என்கிறார் டாக்டர். இவளுக்குத்தான் துணிச்சல் வரவில்லை. “மருந்து பூராவும் முடியட்டுங்க.” எனக்கும் வற்புறுத்தத் துணிச்சல் இல்லை.

டிசம்பர் 27

கடைசிச் சோதனையும் சுத்தம். சோலைக்கும் ஒன்றுமில்லை. கும்பிட்டேன். “என்னை எதுக்கு ஓய்? முழுங்கினவளைக் கும்பிடும்” என்றார் டாக்டர்.

வீட்டில் சொன்னதும் வேலுத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். சோலை ஓடினான், பாதியில் நின்றான். தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டு, அப்புறம்தான் மடியில் ஏறினான். அவள் அந்தக் கையை எடுத்துவிட எடுத்துவிட, மறுபடி மறுபடி பொத்திக்கொள்கிறான்.

இனி நாள் இருக்கிறது. பழகிவிடுவான்.