கண்ணாடிக்குள் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

போனில் என் பெருமையைப் பாதியிலேயே வெட்டி, "டூட்டி இருக்கு மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த டயர் கிடங்கு இப்போது உணவகம். சாதாரண உணவகம் அல்ல. வாசலில் செருப்பு கூட மரியாதையாகச் சத்தமில்லாமல் நடக்கிறது. "நம் மண்ணில் விளைந்ததை மட்டுமே பரிமாறுகிறோம்" என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். லாரிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு தட்டு. அதன் நடுவில் மூன்று துண்டு பூசணி, சந்தையில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. பூசணி எந்தத் தோட்டத்தில், எந்த மாதம் பிறந்தது என்று பரிமாறுகிறவர் நின்றபடி வாசித்தார். பிறந்தது நம் பக்கத்து வீட்டுக்காரன் தோட்டத்தில்! அதன் அண்ணனைத்தான் முந்தாநாள் வேலிக்கு மேலே நமக்குச் சும்மா உருட்டிவிட்டான்.

நான் பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். பேசாமல் இருந்தால் நான் உன் மாமாவா? "எங்கக்கா தூக்கத்துல சமைச்சாலே இதைவிட நல்லாருக்கும்" என்று சற்றே உரக்கச் சொன்னேன். டிப்போவில் நின்ற பஸ்களே திரும்பிப் பார்த்தன. பின்னால் முதலாளி நின்றிருந்தார். மறுநாள் வீட்டுக்கே வந்து உன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, ஆறு மாத ஒப்பந்தத்தை நீட்டினார். உன் அம்மா வாயைத் திறக்கும் முன் நான் சரி என்றுவிட்டேன். "நீதான் சொல்லிட்டியே, இனி நான் என்ன சொல்ல" என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு ஆறு மாதமும் இலவசச் சாப்பாடு. இனி என்னை மரியாதையாக விளி.

உன் மாமா,
பூசணிப் பேரரசர்

பிப்ரவரி 15

மாமாவுக்கு,

பேரரசர் நலமா? அடுத்த மாதம் அம்மா என்னிடம் வந்து தங்குவதாக இருந்தது. அவளுக்காகக் கட்டில் கூட வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது கேட்டால், "மாமா வாக்குக் குடுத்துட்டான்" என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே? நாள் முழுக்க நிற்கிறாளா? பகலில் போன் எடுப்பதே இல்லை.

வாலு

மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

நிற்கிறாளா என்று கேட்டாய். சிம்மாசனம் போட்டிருக்கிறார்கள்! சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில், நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து ஓர் அறை. உள்ளே உன் அம்மா. பழைய வீட்டுத் துணியில்தான் வரவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்போதுதான் ஊர்க்களை இருக்குமாம். சிம்மாசனம் ஒரு முக்காலி; உட்கார்ந்தால் தலை தெரிவதில்லை என்று அவள்தான் உட்காருவதில்லை. நான் என்ன செய்ய? அவள் கைபேசியை மட்டும் வாசலிலேயே பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருந்து எதுவும் கேட்காது. நாங்கள் பேசுவதும் அவளுக்குக் கேட்காது. வருகிறவர்கள் எல்லாம் படம் எடுக்கிறார்கள். என் மேசை அவளுக்கு நேர் எதிரே. தினமும் கையசைக்கிறேன். முதல் வாரம் அவளும் அசைத்தாள்.

நேற்று மீன் பிரமாதம். ஆற்று மீன். அதற்கும் பிறப்புச் சான்றிதழ் வாசித்தார்கள்.

மாமா

மே 6

மாமாவுக்கு,

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை செய்கிற பெண் ஒரு படம் காட்டினாள். "உங்க ஊர்ல இப்படி ஓர் இடமா" என்று கேட்டாள். படத்தில் அம்மா. கரண்டி ஒரு கையில். இன்னொரு கை இடது காதைப் பிடித்திருக்கிறது.

அந்தக் கதையைச் சொன்னதே நீங்கள்தான். சின்ன வயதில் உறவுக்காரர் வீட்டில் யாராவது அம்மாவைப் பாடச் சொல்லிப் பிடித்துவைத்தால், அவள் இடது காதைத் தொடுவாள். உடனே நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவீர்கள். இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

படத்தின் ஓரத்தில் ஒரு தட்டு இருக்கிறது. தட்டைப் பார்த்துக் குனிந்த வழுக்கைத் தலை யாருடையது?

வாலு

மே 14

வாலு,

என்னுடையதுதான்.

ஒரு நாள் இல்லை. பதினோரு நாள் தொட்டாள். பதினோரு நாளும் தட்டைப் பார்த்தேன். ஒரு தட்டில் பார்க்க அவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. காது அரிக்கிறதாக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் என்னை "உணவகத்து ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், வாலு. அது நன்றாக இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. உன் அம்மா காதைத் தொடவில்லை, தொடுவதை விட்டுவிட்டாள். நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். ஐம்பத்தெட்டு வயதில், ஏழு மேசை தாண்டி உருண்டேன். நாற்காலிகள் சரிந்தன. சாப்பாட்டில் ஏதோ என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். முதலாளி பதறிக் கண்ணாடி அறையின் கதவைத் திறந்தார். உன் அம்மா வெளியே வந்து என்னைக் குனிந்து பார்த்து, "இவ்வளவு நாளா வலிக்கலையாடா?" என்றாள்.

வெளியே போய்விட்டாள். முதலாளி என் பக்கத்தில் குந்தினார். "நடிப்பு நல்லா இருந்துச்சுய்யா. ஆனா ஒப்பந்தத்துல இன்னும் மூணு மாசம் இருக்கு. நெசச் சமையல் எப்பவும் பின்னால அடுப்படியிலதான் நடக்குது. கண்ணாடிக்குள்ள ஊர்க்காரங்க ஒருத்தர் நின்னாப் போதும்" என்றார்.

ஆகவே நிற்கிறேன். பழைய சட்டை, கையில் கரண்டி. வெந்நீர் வைக்கத் தெரியாதவன் காலிப் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது நிமிஷத்தில் எது பகல், எது பாத்திரம் என்று தெரியவில்லை. அவள் மூன்று மாதம் நின்றாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் உன்னிடம் வருகிறாள். கட்டிலைத் தயாராக வை.

புறப்படுமுன் நேற்று சாப்பிட வந்தாள். நான் உட்கார்ந்த அதே மேசையில், கண்ணாடிக்குள் நின்ற எனக்கு நேர் எதிரே. நல்ல துணி உடுத்தியிருந்தாள். பூசணி கேட்டு வாங்கினாள். நான் இடது காதைத் தொட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.

மாமா