மனைவியின் விசாப் படம்

மார்ச் 3, திங்கள்

கடையைத் திறக்கும் முன்பே வாசலில் இரண்டு பேர். இருவருக்கும் விசாப் படம். ஒருத்தி படிக்கப் போகிறவள், இன்னொருவர் வேலைக்குப் போகிற வெல்டர். வெல்டர் கன்னத்தில் தீப்பொறி பட்ட தழும்பு. "அண்ணே, இத மட்டும் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா?" என்றார். எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்: "அங்க இருக்கிற ஆபீசர் உங்களுக்குப் பொண்ணு கொடுக்கப் போறதில்ல தம்பி. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்." சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சுவரில் நான் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. எந்த நாட்டுக்கு எந்த அளவு, வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், கண்ணாடி கூடாது, சிரிக்கக் கூடாது. கடைசி வரி சிவப்பு மையில்: படம் எடுத்தபின் முகத்தில் கை வைக்கக் கூடாது. முப்பத்தோரு வருடத்தில் என் கடைப் படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது என்கிறாள் என் மனைவி. சொல்லத்தான் செய்வேன்!

மார்ச் 4, செவ்வாய்

இன்று இவளுக்கே படம்.

இவளுடைய அக்காவுக்கு ஏப்ரல் நான்காம் தேதி இதய அறுவை சிகிச்சை. கடல் கடந்த ஊரில் மகளோடு இருக்கிறார். பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் பண்ணி வைத்ததெல்லாம் அந்த அக்காதான். போன மாதம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உன் முகத்தப் பாத்துட்டாப் போதும்டி." அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்குத் தெரியாதா?

ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்ததும் சிரிப்பு. நான் கேமராவைக் கண்ணில் வைத்தால் ஒரு கண் மூடி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறதாம். "எல்லார் முன்னாடியும் இந்த மூஞ்சியத்தான் காட்டுறீங்களா?" வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். நாற்பத்தோராவது படத்தில்தான் வாய் மூடியது.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு போனதும் முகத்தில் மீதி இருந்தது எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கன்றிப்போன மாதிரி இரண்டு கருவளையம். என்னால் பார்க்க முடியவில்லை. கை தானாகப் போய் அதை அழித்தது. கொஞ்சம்தான் — கன்னத்தில் இருந்த கறுப்புத் திட்டையும் கொஞ்சம். பத்து வயது குறைந்து போனாள். யாருக்குத் தெரியப் போகிறது? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவன் சொந்தப் பெண்டாட்டிக்கு இதுகூடச் செய்யக் கூடாதா?

மார்ச் 6, வியாழன்

விண்ணப்பம் போய்விட்டது. எங்கள் கடைக்கு மேல் மாடியில் பயண ஏஜென்சி வைத்திருக்கும் அம்மா ஒவ்வொரு தாளாகக் கேட்டு வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, இரண்டு முறை சரிபார்த்தார். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் உயிர் இருக்கிறது. அக்கா மகளின் அழைப்புக் கடிதம், இவள் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து விடுப்புக் கடிதம், போய்வர டிக்கெட் முன்பதிவு, காப்பீடு. "திரும்பி வருவாங்கன்னு அவங்க நம்பணும் அண்ணே, அதுதான் விஷயம்" என்றார். நான் இங்கே இருக்கும்போது திரும்பி வராமல் எங்கே போவாள் என்றேன். "அத எந்தப் படிவத்துலயும் எழுத இடமில்லயே!"

படத்தை ஒட்டும்போது, "அண்ணி நல்லா வந்திருக்காங்க" என்றார். கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

"நீங்களும் வாங்களேன்" என்றாள். கடையை யார் பார்ப்பது? விமானத்தில் அத்தனை மணி நேரம் என் முதுகு என்ன ஆவது? அப்புறம் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

திரும்பி வந்துவிட்டது.

மாடி அம்மா கீழே இறங்கி வந்து, "அண்ணே, முதல்ல உக்காருங்க" என்றார். செல்போனில் காட்டினார். படம் திருத்தப்பட்டுள்ளது, புதிய படத்துடன் மறுபடி விண்ணப்பிக்கவும். மறுபடி என்றால் வரிசையில் முதலிலிருந்து. இன்று பதினேழு. ஏப்ரல் நாலுக்குப் பதினெட்டு நாள்.

"உங்க கடைப் படம் எப்படிண்ணே? அவங்க மிஷின்ல ஏதோ கோளாறா இருக்கும்." ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டினேனே!

இவளிடமும் அதையேதான் சொன்னேன். முதலில் முகம் வெளுத்துவிட்டது. பிறகு எனக்காகக் கோபப்பட்டாள். "முப்பத்தோரு வருஷமா எடுக்கிறவருக்கே குத்தம் சொல்றானுங்களா? நீங்க மனச விட்டுடாதீங்க." டீ போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

புதுப் படம் எடுக்கக் கடைக்கு வந்தாள். தானாகவே ஸ்டூலில் ஏறி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "இந்தத் தடவ சிரிக்கவே மாட்டேன். என் சிரிப்பாலதான் படத்துல ஏதோ ஆகியிருக்கும்."

பாவி நான். அதற்கு மேல் தாங்கவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டவில்லை. "காட்டுங்க" என்றாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?"

பழைய படத்தில் இருந்த கருவளையத்தை விரலால் தொட்டாள்.

"அக்காவ நெனச்சு நெனச்சு வந்தது இது. இதப் பாக்கப் பிடிக்கலையா உங்களுக்கு?"

"பிடிக்காம இல்ல. பாக்க முடியல."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு நாளாவது, தூங்கலையாடின்னு கேட்டிருக்கலாம்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு என்று நினைத்தேன். தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பினாள். அங்கே மின்னல் கடைதான் இருக்கிறது. இரண்டே நிமிடத்தில் படம் என்று போர்டு போட்டதால் நான் வைத்த பெயர் அது. பத்து வருடமாக அவன் படங்களை நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

மார்ச் 19, புதன்

மின்னல் போன் செய்தான். "அண்ணி வந்தாங்க. ஒரே கிளிக், முடிஞ்சது. உங்களுக்கு உடம்பு சரியில்லையாண்ணே?"

அப்படிச் சொல்லியிருக்கிறாள். என்னை விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொன்றும் தோன்றியது, எழுதவே வெட்கமாக இருக்கிறது: ஒரே கிளிக் என்றால் அவன் முன்னால் இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஒரு ஆறுதல்.

படம் ஏன் திருத்தப்பட்டது என்று விளக்கக் கடிதம் வைக்க வேண்டுமாம். மாடி அம்மா, "தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். கடையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து நானே எழுதினேன். படத்தைத் திருத்தியவன் நான். விண்ணப்பதாரரின் கணவன். விதி தெரிந்தே செய்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினேன். படித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோப்பில் வைத்தார்.

மார்ச் 21, வெள்ளி

முகம் கொடுத்துப் பேசவில்லை. "சாப்பாடு இருக்கு." "சாவி மேசைல." இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

விசா வருமோ வராதோ, பெட்டி கட்டுகிறாள். அக்காவுக்குப் பருத்தி நைட்டி நாலு, முன்பக்கம் பொத்தான் வைத்தது. தையல் போட்ட நெஞ்சுக்குத் தலைவழியாக மாட்ட வராது என்று இவளே யோசித்துத் தைத்தது. பெட்டி மூட மறுத்தது. நான் போய் அதன் மேல் உட்கார்ந்தேன். "இன்னும் அழுத்தி உக்காருங்க, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். ஐந்து நாளில் முதல் முழு வாக்கியம். எழுந்திருக்கவே மனசில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

இல்லை. அக்கா போனில், "முடியலேன்னா விடுடி, நான் திரும்பி வந்து பாத்துக்கிறேன்" என்றாராம். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் அரை மணி நேரம் ஓடியது. கதவைத் தட்டக் கை போகவில்லை. பிறகு தட்டினேன். "தூங்கலையாடி நீ, இத்தன நாளா?" என்று கேட்டேன். கதவு திறந்தது. என் சட்டையில்தான் அழுதாள்.

ஏப்ரல் 2, புதன்

வந்தாச்சு! மாடி அம்மா ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் ஓடிவந்தார். தொண்ணூறு நாள் விசா. நாளைக்கே விமானம், நாலாம் தேதி காலை ஆறு மணிக்கு அங்கே இறங்கும். அக்காவை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். வழியில் எதுவும் தாமதமாகாவிட்டால் பார்த்துவிடலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது நான்தான் அந்த ஊர் அதிகாரி.

"எதுக்கு வர்றீங்க?"

"அக்காவப் பாக்க."

"எத்தன நாள் இருப்பீங்க?"

"அவ எழுந்து நடக்கிற வரைக்கும்."

"அப்படிச் சொன்னா உள்ள விடமாட்டான். ஜூன் ஆறாம் தேதி திரும்பிடுவேன்னு சொல்லணும்."

"ஜூன் ஆறு. போதுமா சார்?"

உள்ளே போகிற கதவருகே நின்று என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "கோவம் இன்னும் போகல. ராத்திரி மாத்திரைய மறந்துடாதீங்க." கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபின் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

முடியவில்லை.

விமானம் நேரத்துக்கு இறங்கியிருக்கிறது. குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம். போதாததற்கு இவளைத் தனியாக நிறுத்தி, முதல் விண்ணப்பம் ஏன் திரும்பியது என்று கேட்டிருக்கிறார்கள். என் கடிதத்தின் நகலைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி.

அக்கா மகள் போனில், "அம்மா கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாங்க சித்தப்பா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள். அந்த அரை மணி நேரம் என் கணக்கு. என் பேரில்தான் எழுத வேண்டும்.

இன்று கடை திறக்கவில்லை.

ஏப்ரல் 4, மாலை

ஆறு மணி நேரம் என்றார்கள். ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது. கடவுளே, அவர் திரும்பி வரட்டும். இவள் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 5, சனி

கண் விழித்துவிட்டார்! விழித்ததும் இவளைத்தான் பார்த்தாராம். முதல் பேச்சே, "என்னடி இது, கண்ணெல்லாம் இப்படிக் குழிவிழுந்து கெடக்கு? உன் வீட்டுக்காரர் கவனிக்கிறதில்லையா?" இவள் சொல்லும்போதே சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை. நானும் அப்படித்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்காவிடம் படக்கதை முழுவதையும் சொல்லிவிட்டாளாம். அக்கா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார், நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்கு. "மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாத, மனசுல இருந்துச்சு, கையில வந்துடுச்சு" என்று எனக்குப் பரிந்து பேசினாராம். இவள், "அவ சொல்லிட்டா, அதுக்காக விட்ருவேன்னு நெனக்காதீங்க" என்றாள். விட்டுவிட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஏப்ரல் 19, சனி

அக்கா சுவரைப் பிடித்து நடக்கிறார். நல்லது. இங்கே குக்கர் என்னிடம் சண்டை போடுகிறது. சோறு ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் அவல்.

ஏப்ரல் 24, வியாழன்

வாடிக்கையாளர் முன்னால் கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவர் பேசாமல் நேராகப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடமாக யாருமே சிரித்ததில்லைதான். இன்றைக்கு அது என்னவோ தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

என் படம் எடுக்க மின்னல் கடைக்கு நானே போனேன். ஒரே கிளிக், படம் சுத்தமாக இருக்கிறது. பையன் கெட்டிக்காரன்தான். மே மாதம் மூன்று வாரம் என் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்வாயா என்றேன். "எங்கண்ணே போறீங்க, முதுகு வலியோட?" என்றான். மாடி அம்மா என் தாள்களை எச்சில் தொட்டு எண்ணும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 2, வெள்ளி

விசா மையத்தில் என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகளாக இருக்கிற வயது. நோக்கம் என்ன என்று கேட்டாள். குடும்பச் சந்திப்பு என்று சொல்ல வேண்டும், ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். வாயில் வேறு வந்தது.

"என் வீட்டுக்காரியப் பாக்கணும்மா."

"அவங்க போயி எவ்வளவு நாளாச்சு சார்?"

"நாளையோட முப்பது நாள்."

திரையைப் பார்த்தாள். "ஜூன் ஆறாம் தேதி அவங்களே திரும்பி வர்றாங்களே. இன்னும் ஒரு மாசம்தான சார் இருக்கு?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன். இன்னும் ஒரு மாசம் இருக்கு."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்துவிட்டு, கைரேகைக்கு நாலு விரலையும் சேர்த்து வைக்கச் சொன்னாள்.